எம்.ஆர்.ஐ. படத்தில் நகல்கள் ஏன் விழுகின்றன?

வயிற்றை எடுத்த எம்.ஆர்.ஐ. படங்களில் சில சமயம் வயிற்றுச் சுவரின் மங்கலான நகல்கள் அடுக்கடுக்காகத் தெரியும். மூச்சு விடும்போது உடல் அசைவதால் வரும் கோளாறு இது. ஆனால் உடல் எந்தப் பக்கம் அசைந்தாலும் நகல்கள் ஒரே திசையில்தான் விழும். காரணம், படம் சேகரிக்கப்படும் முறையில் இருக்கிறது.

1.5 டெஸ்லா காந்தப்புலத்தில், நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் உட்கருக்கள் நொடிக்குச் சுமார் 6.4 கோடி முறை பம்பரம்போலத் தலையாட்டிச் சுழல்கின்றன. அதே அதிர்வெண்ணில் ரேடியோ துடிப்பைச் செலுத்திச் சாய்த்தால், அருகிலுள்ள காயிலில், அதாவது கம்பிச்சுருளில், மெல்லிய சிக்னல் எழும். எல்லா இடத்துச் சிக்னலும் ஒன்றாகக் கலந்தே வரும். இடத்துக்கு இடம் காந்தப்புலத்தைச் சற்றே மாற்றி, அதாவது கிரேடியன்ட் போட்டு, அதைப் பிரிக்கலாம் என்று 1973-இல் காட்டியவர் பால் லாட்டர்பர்.

சிக்னலைப் பதியும்போதே ஒரு திசையில் கிரேடியன்ட் போட்டால், இடத்துக்கேற்ப அதிர்வெண் மாறும். சில மில்லிநொடிகளில் 256 புள்ளிகள் கொண்ட ஒரு வரி கிடைத்துவிடும். குறுக்குத் திசைக்கு இவ்வளவு சுலபமான வழி இல்லை. பதிவுக்கு முன் அந்தத் திசையில் கிரேடியன்ட்டைக் கணநேரம் போட்டு அணைக்க வேண்டும். அதனால் சுழற்சிகளின் ஃபேஸ், அதாவது சுற்றில் எட்டியிருக்கும் நிலை, இடத்துக்கு இடம் முன்பின் ஆகும். இந்தக் குறுக்குத் திசைதான் ஃபேஸ் திசை. ஒரு தடவை போதாது. கிரேடியன்ட்டின் வலிமையைப் படிப்படியாக மாற்றி 256 தடவை செய்ய வேண்டும். தடவைக்கு 500 மில்லிநொடி என்றால் மொத்தம் 128 நொடி.

இந்த வரிகள் சேரும் பரப்புக்கு கே-ஸ்பேஸ் என்று பெயர். அதன் ஒவ்வொரு புள்ளியும் படம் முழுக்கப் பரவிய ஓர் அலையின் வலிமையைச் சொல்கிறது. நடுவில் இருப்பவை அகன்ற அலைகள். திசுக்களின் வெளிச்ச வேறுபாட்டைத் தருபவை. ஓரத்தில் இருப்பவை நெருக்கமான அலைகள், விளிம்புகளைக் கூர்மையாக்குபவை. இருபரிமாண ஃபூரியர் மாற்றம் என்ற கணித முறை இத்தனை அலைகளையும் கூட்டிப் படமாக்குகிறது.

ஒரு வரி பதிவாகும் நேரத்துக்குள் வயிறு அசைவது மிகச் சொற்பம். அடுத்த வரிக்குள் அரை நொடி போய்விடும். வயிறு இடம் மாறியிருக்கும். பிழை வரிக்கு வரி சேர்வதால், நகல்கள் ஃபேஸ் திசையில் வரிசை கட்டுகின்றன. நடு வரிகள் பதிவாகும்போது அசைந்தால் பாதிப்பு மிக அதிகம். ஃபேஸ் திசையை மாற்றி வைத்தால் நகல்கள் மறையாது. பார்க்க வேண்டிய உறுப்பின்மேல் விழாமல் விலகும், அதுவே பெரிய உதவி. மூச்சை அடக்கச் சொல்வது நேரடி வழி, ஆனால் 128 நொடி யாராலும் அடக்க முடியாது.

ஒன்றுவிட்டு ஒரு வரி எடுத்தால் நேரம் பாதியாகும். ஆனால் படம் மடிந்து தன்மேலேயே விழும். உடலைச் சுற்றி வைத்த பல காயில்களில் ஒவ்வொன்றும் தனக்கு அருகிலுள்ள பகுதியை வலுவாகப் பார்ப்பதால், அந்த வேறுபாட்டை வைத்துச் சமன்பாடுகள் போட்டு மடிப்பைப் பிரிக்கலாம். 1999-இல் வெளியான சென்ஸ் முறை இதுதான். இதற்கும் விலை உண்டு: சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் 1.4-இல் ஒரு பங்காகவாவது குறையும். காயில்களின் பார்வை ஒன்றுபோல் இருக்கும் உடலின் நடுப்பகுதியில் இரைச்சல் இன்னும் கூடும்.