பப்ளிஷிங்கில் பாதியைக் கேட்கிறார்களா?

சென்ற வாரம் ஓர் இளைஞர், தாம் ஏற்கெனவே கையெழுத்திட்டுவிட்ட ஒப்பந்தத்தைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பி, "இதில் ஏதும் சிக்கல் உண்டா?" என்று கேட்டிருந்தார். அமெரிக்காவில் பாடலாசிரியர்களின் ஒப்பந்தங்களைப் படித்துச் சொல்வது என் தொழில். இப்படிக் கையெழுத்துக்குப் பிறகு வருபவர்களை எண்ணுவதை நான் நிறுத்திவிட்டேன். பதினொரு பக்க ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தில், அவரே எழுதி மெட்டமைத்த பாடலின் பப்ளிஷிங் உரிமையில், அதாவது பாட்டின் சொல்லும் மெட்டும் ஈட்டும் வருவாயில் பங்கு தரும் உரிமையில், பாதி, அதைப் பாடவிருக்கும் பாடகரின் நிறுவனத்துக்குப் போயிருந்தது. ஏன் ஒப்புக்கொண்டீர்கள் என்று கேட்டதற்கு, "பாடப் போகிறவர் அவர்தானே, பாட்டும் அவருடையதாகத்தானே ஆகும்?" என்றார்.

இந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' பாடலின் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெயரைச் சொன்னதுமே "விட்னி ஹூஸ்டன் பாட்டு" என்பார்கள். குரல் விட்னியுடையது; பாட்டு, அமெரிக்கக் 'கன்ட்ரி' இசைப் பாடகி டாலி பார்ட்டனுடையது. 1967 முதல் தம்மைத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இடம்பெறச் செய்து வளர்த்த போர்ட்டர் வேகனரைவிட்டுப் பிரிய முடிவெடுத்தபோது, விடைபெறுவதற்காக பார்ட்டன் 1973-இல் எழுதியது அது. (திருமண வரவேற்புகளில் இதைப் பாடுகிறவர்கள் வரிகளை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.) 1974-இல் வெளியாகி, 'கன்ட்ரி' இசைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது.

அப்போது எல்விஸ் பிரெஸ்லி அதைப் பாட விரும்பினார். ஒலிப்பதிவுக்குச் சற்று முன்பு அவருடைய மேலாளர் கர்னல் டாம் பார்க்கர், பப்ளிஷிங்கில் பாதி வேண்டும் என்றார். பார்ட்டன் மறுத்துவிட்டு அன்று இரவெல்லாம் அழுததாகப் பலமுறை பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இதில் சட்டம் அறிந்தவர்களுக்கு ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்காவில் ஒரு பாடல் முறைப்படி ஒலிப்பதிவாகி வெளிவந்துவிட்டால், சட்டம் விதித்த கட்டணத்தைச் செலுத்தி யார் வேண்டுமானாலும் அதை மறுபடி பாடிப் பதிவு செய்யலாம்; இதற்குக் கட்டாய உரிமம் என்று பெயர். அன்றைக்கு அந்தக் கட்டணம் இசைத்தட்டின் படி ஒன்றுக்கு 2 சென்ட். எல்விஸ் பாடுவதற்கு பார்ட்டனின் சம்மதமே தேவைப்படவில்லை. பாதியைக் கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள் என்பதால் கேட்கிறார்கள், அவ்வளவுதான்.

விட்னி நடித்த 'தி பாடிகார்ட்' படத்துக்கு முதலில் நினைத்திருந்தது வேறொரு பழைய பாடல். அது இன்னொரு படத்தில் இடம்பெற்றுவிட்டதால், படத்தின் நாயகன் கெவின் காஸ்ட்னர் இந்தப் பாடலை, பாடகி லிண்டா ரான்ஸ்டட்டின் வடிவத்தில், கொண்டுவந்தார். ரான்ஸ்டட் 1975-இல் பாடியிருந்த அந்த வடிவத்தில் கடைசிச் சரணம் இல்லை என்று இசைத் தயாரிப்பாளர் டேவிட் ஃபாஸ்டருக்குச் சொல்லி, அதைக் கொடுத்தவர் பார்ட்டன். தொடக்கத்தில் இசைக்கருவி ஏதுமின்றி விட்னியின் குரல் தனித்து ஒலிப்பது காஸ்ட்னரின் பிடிவாதம். 1992-இன் இறுதியில் வெளியாகி, பில்போர்ட் ஹாட் 100 பட்டியலில் 14 வாரங்கள் முதலிடத்தில் நின்றது.

இப்போது என்னை மிகவும் சலிப்படையச் செய்யும் இடத்துக்கு வருகிறேன். பொறுமையாகப் படியுங்கள். ஓர் ஒலிப்பதிவுக்குள் இரண்டு சொத்துகள் இருக்கின்றன: சொல்லும் மெட்டுமாகிய பாடல் ஒன்று, அதை ஒருவர் பாடிப் பதிவு செய்த ஒலி, அதாவது மாஸ்டர், இன்னொன்று. ஒரே நிலத்தில் எத்தனை பேர் குடியிருந்தாலும் நிலம் உரியவருடையதாகவே இருப்பதைப் போல, எத்தனை பேர் பாடினாலும் பாடல் எழுதியவருடையதாகவே இருக்கும், அவராக எழுதிக் கொடுக்காதவரை. விட்னியின் பதிவை அமெரிக்க வானொலி நிலையம் ஒலிபரப்பும் ஒவ்வொரு முறையும் பாடலாசிரியருக்கும் பப்ளிஷருக்கும் மட்டுமே பணம் சேரும். பாடியவருக்கு ஒரு சென்ட்கூடக் கிடையாது. இது பாடகர்களுக்கு அநீதி என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் சட்டம் இன்றுவரை அப்படியே இருக்கிறது. படக்காட்சியோடு பாடலை இணைப்பதற்கோ கட்டாய உரிமம் கிடையாது. படத் தயாரிப்பாளர் பாடலின் உரிமையாளரிடம் வந்து கேட்டே ஆக வேண்டும், விலையையும் உரிமையாளரே சொல்லலாம். எல்விஸுக்குத் தேவைப்படாத சம்மதம் அந்தப் படத்துக்குத் தேவைப்பட்டது. 1974-இல் பாதியைக் கொடுத்திருந்தால், 1992-இல் பார்ட்டனுக்கு வந்த பப்ளிஷிங் வருவாயில் பாதி வேறொருவரின் கணக்கில் சேர்ந்திருக்கும்.

ஆகவே, பாடலில் யாருக்கு எத்தனை விழுக்காடு என்பதை ஒரே தாளில் எழுதி, ஒலிப்பதிவுக் கூடத்தைவிட்டு வெளியேறும் முன்பே எல்லோரும் கையெழுத்திடுங்கள். ஒலிபரப்புக்கான பணத்தை வசூலித்துத் தரும் பிஎம்ஐ, ஆஸ்காப் போன்ற அமைப்புகளில் ஒன்றில் உறுப்பினராகிப் பாடலைப் பதிவு செய்யுங்கள். ஒரு சொல்கூட எழுதாதவருக்குப் பாடலாசிரியர் என்ற பெயரையோ பங்கையோ தராதீர்கள். நட்புக்காகக் கொடுத்தேன் என்று என்னிடம் வந்து சொல்லாதீர்கள். 'கூலிக்கு எழுதப்பட்ட படைப்பு' (work made for hire), அதாவது எழுதச் சொன்னவரையே படைப்பாளி ஆக்கிவிடும் சொற்றொடர், ஒப்பந்தத்தில் எங்கிருந்தாலும் அங்கேயே நின்றுவிடுங்கள். எழுதிக் கொடுத்த உரிமையை 35 ஆண்டுகளுக்குப் பின் திரும்பப் பெற அமெரிக்கச் சட்டம் தரும் வாய்ப்பையும் அது அடைத்துவிடக்கூடும். பணம் அவசரமாகத் தேவையென்றால் முன்பணத்தைக் கூட்டிக் கேளுங்கள், அல்லது ஒரு பாடலுக்கு மட்டும், சில ஆண்டுகளுக்கு மட்டும் உரிமை கொடுங்கள்.

அந்த இளைஞரின் ஒப்பந்தத்தில் ஒரே ஓர் ஓட்டை தென்பட்டது: பதினெட்டு மாதங்களுக்குள் பாடல் வெளியாகாவிட்டால் அந்தப் பாதி அவரிடமே திரும்பும் என்று ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. அவர் எழுதிய முதல் பாடல் வெளிவரக் கூடாது என்று இப்போது நாங்கள் இருவரும் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.