மெழுகுவர்த்தி அணையும்போதுதான் தண்ணீர் ஏறுகிறது

தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, அதன்மேல் கவிழ்த்த கண்ணாடி டம்ளர். சற்று நேரத்தில் சுடர் அணையும், தண்ணீர் டம்ளருக்குள் ஏறும். "ஆக்சிஜன் தீர்ந்துபோச்சு, அந்த இடத்துக்குத் தண்ணீர் வந்துடுச்சு" என்று வகுப்பே சொல்லும். நம்மில் பலரும் அதையேதான் சொல்லிக் கொடுக்கிறோம். காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம் என்பதால், தண்ணீர் ஐந்தில் ஒரு பங்கு ஏறிவிட்டால் கணக்கும் பொருந்திவிட்டதாகத் தோன்றும். ஆனால் இந்த விளக்கம் தவறு. கண்ணால் பார்த்ததோடு ஒட்டிக்கொண்ட தவறு என்பதால், பத்தாம் வகுப்பு தாண்டியும் பிள்ளைகள் மனதை விட்டுப் போவதில்லை.

மறுபடி செய்து, தண்ணீர் மட்டத்தை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். சுடர் நன்றாக எரியும்வரை தண்ணீர் அவ்வளவாக ஏறாது. சுடர் மங்கி அணையும்போதுதான் விறுவிறுவென்று ஏறும். ஆக்சிஜன் தீர்வதுதான் காரணம் என்றால், எரிய எரிய அல்லவா ஏறியிருக்க வேண்டும்? டம்ளரைக் கவிழ்க்கும்போது விளிம்பில் குமிழிகள் வெளியேறுவதையும் கூர்ந்து பார்த்தால் காணலாம். சூட்டில் விரிந்த காற்றில் கொஞ்சம் அப்படி வெளியேறிவிடுகிறது. சுடர் அணைந்ததும் மீதிக் காற்று குளிர்ந்து, உள்ளே அழுத்தம் குறைகிறது. வெளியே இருக்கும் வளிமண்டல அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. ஆக்சிஜனோ முழுவதும் தீர்வதே இல்லை. பாதிக்கும் மேல் மிச்சமிருக்கும்போதே சுடர் அணைந்துவிடும். செலவான ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் வேறு உருவாகின்றன.

அடுத்து, அதே டம்ளருக்குள் மூன்று மெழுகுவர்த்திகள். ஏற்றுவதற்கு முன்பே கேளுங்கள்: தண்ணீர் முன்னைவிட அதிகம் ஏறுமா, குறைவாகவா, அதே அளவுதானா? ஒவ்வொருவரும் பதிலை நோட்டில் எழுதட்டும். டம்ளருக்குள் இருக்கும் ஆக்சிஜன் அதே அளவுதான் என்பதால் பலர் 'அதே அளவு' என்று எழுதுவார்கள். ஆனால் தண்ணீர் தெளிவாகவே அதிகம் ஏறும். மூன்று சுடர்களின் சூட்டில் காற்று கூடுதலாக விரிந்து வெளியேறுவதே காரணம். தான் எழுதியதற்கும் கண்ணெதிரே நடந்ததற்கும் உள்ள முரணைப் பார்த்த மாணவி "ஏன் சார்?" என்று கேட்பாள். அதற்கு அப்புறம் சொல்லும் விளக்கம்தான் மனதில் நிற்கும்.

எழுதச் சொல்வது வெறும் சடங்கல்ல. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மசூர் குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், சோதனையை வெறுமனே பார்த்த மாணவர்களின் புரிதல், பார்க்காதவர்களின் புரிதலைவிட பெரிதாக மேம்பட்டிருக்கவில்லை. முதலில் கணித்துவிட்டுப் பார்த்தவர்கள் கணிசமாக நன்றாகச் செய்தார்கள். சிலபஸ் முடிக்க நேரமில்லை என்பது உண்மைதான், நானும் அறிவேன். ஆனால் கணிக்கச் சொல்ல ஓரிரு நிமிடங்கள் போதும்.

கடைசியாக, நெருப்பே இல்லாமல் ஒரு சோதனை. மெல்லிய பிளாஸ்டிக் பாட்டிலில் கொஞ்சம் சுடுநீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டிவிட்டு, உடனே இறுக மூடிக் குளிர்ந்த தண்ணீரில் வையுங்கள். பாட்டில் சுருங்கி நசுங்கும். கொதிநீர் வேண்டாம், கை பொறுக்கும் சூடே போதும். எரிவதற்கு இங்கே எதுவுமில்லை, ஆக்சிஜன் எங்கே போயிற்று என்று பிள்ளைகளிடமே கேளுங்கள்.