ரெடான்: பல்லில் பிறந்து புல்லுக்கு வந்த சொல்

ஒவ்வோர் ஆகஸ்ட் 15 அன்றும் 'புனித ஜார்ஜ் கோட்டை கொத்தளத்தில் முதல்வர் கொடியேற்றினார்' என்று செய்தி வரும். கோட்டை தெரியும், கொடி தெரியும். கொத்தளம் என்றால் என்ன என்று கேட்டால் பலரும் மொட்டைமாடியைக் காட்டுவதுபோல் கையை மேலே நீட்டுவார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். மதிலின் நேர்க்கோட்டை விட்டு வெளியே துருத்திக்கொண்டு, பீரங்கி வைக்க இடம் கொடுத்து நிற்கிற பகுதிதான் கொத்தளம். யாழ்ப்பாணக் கோட்டையின் ஐந்து மூலைகளிலும் அதைப் பார்க்கலாம். அந்தக் கொத்தளத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் உண்டு. அவன் பெயர் ரெடான். இன்று அந்தப் பெயரை அதிகம் சொல்கிறவர்கள் படைவீரர்கள் அல்ல, கோல்ஃப் ஆடுகிறவர்கள்.

சொல் பிரெஞ்சு. பழைய வடிவம் 'ரெதான்'. எழுதும்போது அதற்குள் 'தெந்த்' என்ற சொல் அப்படியே தெரியும், பொருள் பல். நம் ஊர் டென்டிஸ்ட்டுக்குள் இருப்பதும் அதே பல்தான். நாம் யானைக்கு மட்டும் ஒதுக்கி வைத்திருக்கும் 'தந்தம்' வடமொழியின் வழியாக வந்த அதன் உறவுக்காரச் சொல். முன்னால் உள்ள 'ரெ' என்பதற்கு 'மறுபடியும்' என்று பொருள். பல், மறுபடி பல்: ரம்பத்தின் விளிம்பு. அரண் கட்டுகிறவர்கள் மண்ணைக் குவித்து, எதிரியின் பக்கம் கூர்முனை நீட்டியிருக்கும்படி இரண்டு சுவர்களைச் சேர்ப்பார்கள். பின்பக்கம் திறந்தே இருக்கும். இப்படி ஒன்றை அடுத்து ஒன்றாக வைத்தால் கோடு முழுவதும் ரம்பம்போல் ஆகிவிடும். ஒரு பல்லைத் தாக்க ஓடி வருகிறவனைப் பக்கத்துப் பல்லில் இருப்பவன் விலாவில் சுடுவான். நேராக வந்தால் அடி என்பதுதான் இதன் சூட்சுமம். கோல்ஃபுக்குப் போன பிறகும் அந்தச் சூட்சுமம் மட்டும் மாறவில்லை.

பெயரை உலகறியச் செய்தது கிரிமியப் போர். செவாஸ்தொபோல் முற்றுகையில் ரஷ்யர்கள் கட்டியிருந்த 'பெரிய ரெடான்' மீது பிரிட்டிஷ் படை 1855 ஜூன் 18 அன்று பாய்ந்து தோற்றது. செப்டம்பர் 8 அன்று மறுபடியும் பாய்ந்து, மறுபடியும் தோற்றது. ஏறத்தாழ 200 கஜம் வெட்டவெளியில், குண்டுமழையில், மேட்டை நோக்கி ஓட வேண்டியிருந்தது. அதே நாளில் பிரிட்டனின் கூட்டாளிகளான பிரெஞ்சுக்காரர்கள் பக்கத்திலிருந்த மலக்கோவ் அரணைப் பிடித்ததால்தான் ரஷ்யர்கள் நகரின் தென்பகுதியை விட்டு வெளியேறினார்கள். ஆகவே பிரிட்டனில் 'ரெடான்' என்றால் 'முட்டி மோதியும் கிட்டாத மேடு' என்று ஆயிற்று.

அந்தப் போருக்குப் போய்வந்த ஒரு படை அதிகாரி, ஸ்காட்லாந்தின் நார்த் பெரிக் கடற்கரை மைதானத்தில் ஒரு குழியைப் பார்த்து, 'இதுவும் ரெடான்தான்' என்றாராம். பெயர் வந்த கதை இப்படித்தான் வழங்குகிறது. மேற்கு மைதானத்தின் 15ஆவது குழி அது. (கோல்ஃபில் 'குழி' என்றால் பந்து விழும் துளை மட்டுமல்ல, முதல் அடி அடிக்கிற இடத்திலிருந்து கொடி வரையுள்ள பகுதி முழுவதும்.) ஏறத்தாழ 190 கஜம். ஒரே அடியில் பந்தைப் பச்சைக்கு அனுப்ப வேண்டும். ('கிரீன்' என்பதைப் பச்சை என்றே சொல்லிவிடுகிறேன், குழி தோண்டி, கொடி நட்டு, புல்லை ஒட்டக் கத்தரித்து வைத்திருக்கும் பரப்பு.) அது ஒரு மேட்டின் மேல் குறுக்கே கிடக்கிறது. அதன் முன்பக்கத்தை ஆழமான மணற்பள்ளம் ஒன்று காவல் காக்கிறது.

இங்கே ஒரு சின்ன விலகல். மணற்பள்ளத்துக்கு ஆட்டக்காரர்கள் சொல்வது 'பங்கர்'. ஈழத்தில் வளர்ந்தவர்களுக்கு அது ஷெல்லடிக்குப் பயந்து ஓடி ஒளிந்த பதுங்குகுழி. ரெடான் போர்க்களத்திலிருந்து மைதானத்துக்கு வந்தது. பங்கரோ மைதானத்தில் புழங்கிய பிறகுதான் போர்க்களத்துக்குப் போனது. இரண்டு சொற்களும் எதிரெதிர்த் திசையில் பயணம் செய்து, நார்த் பெரிக்கில் ஒரே குழியில் சந்தித்துக்கொள்கின்றன.

சரி, அமெரிக்காவுக்குப் போவோம். அங்கே ரெடானைக் கொண்டுபோன மைதான வடிவமைப்பாளர் சார்ல்ஸ் பிளேர் மெக்டொனால்ட் பிறந்தது 1855இல், அதாவது பெரிய ரெடான் தாக்கப்பட்ட அதே ஆண்டில். இளம்வயதில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் படிக்கப் போனவர், கோல்ஃப் பித்துப் பிடித்துத் திரும்பினார். 1895இல் நடந்த முதல் அமெரிக்க அமெச்சூர் பட்டத்தையும் வென்றார். அமெரிக்க மைதானங்கள் எதுவும் அவர் கண்ணுக்கு மைதானமாகவே படவில்லை. பிரிட்டனுக்குப் போய், நல்ல குழிகளை அளந்து, வரைந்து, குறிப்பெடுத்து வந்தார். நியூயார்க்கின் லாங் ஐலண்டில் சவுத்தாம்ப்டன் அருகே நிலம் வாங்கி 'நேஷனல் கோல்ஃப் லிங்க்ஸ் ஆஃப் அமெரிக்கா'வை உருவாக்கினார். நில அளவைக்காக வந்த சேத் ரேனர் என்ற பொறியாளர் பிறகு அவருடைய வலக்கையானார். 1911இல் முறையாகத் திறந்தார்கள். அமெச்சூர் ஆட்டக்காரர்களின் அணிகள் மோதும் வாக்கர் கோப்பையின் முதல் போட்டி 1922இல் இங்கேதான் நடந்தது. அன்றும் இன்றும் தனியார் கிளப். உறுப்பினரோ அவருடைய விருந்தினரோ ஆனால்தான் உள்ளே கால் வைக்கலாம்.

அங்கே ஒவ்வொரு குழிக்கும் பெயர் உண்டு: சஹாரா, ஆல்ப்ஸ், ஈடன், கேப் என்று. நான்காவதுதான் ரெடான். காப்பி அடித்தார் என்று சொல்லத் தோன்றும். ஆனால் மூலத்தில் அடிக்கிற இடத்திலிருந்து பச்சையின் பரப்பு கண்ணுக்குப் படாது. மெக்டொனால்டின் நான்காவது குழியில் எல்லாம் தெரியும். பார்த்துக்கொண்டே பயப்படலாம். அவர் சொன்ன செய்முறை கிட்டத்தட்ட சமையல் குறிப்பு: குறுகலான ஒரு மேட்டுத் தரையை எடு, வலமிருந்து இடமாகச் சற்றே சாய், முன்பக்கத்தில் ஆழமாக ஒரு மணற்பள்ளம் வெட்டு, ஆட்டக்காரனைக் குறுக்காக வரவழை. ரெடான் தயார்.

அங்கே நிற்கிற ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். கொடி இடப்பக்கம், பள்ளத்துக்கு நேர் பின்னால் படபடக்கிறது. கண் கொடியைத்தான் பார்க்கும். கையும் அங்கேதான் அடிக்க நினைக்கும். அடித்தால்? கொஞ்சம் குறைந்தால் பந்து பள்ளத்தில், தலைக்கு மேல் மண்சுவர். பள்ளத்தைத் தாண்டினாலும் நிம்மதி இல்லை. அந்தக் கோட்டில் பச்சை ஒடுங்கியது. தரையும் ஆட்டக்காரரை விட்டு விலகிப் பின்பக்கமாகச் சரிகிறது. பந்து ஒரு துள்ளு துள்ளிப் பின்னால் போய்விடும். விவரம் தெரிந்தவர் கொடியைப் பார்க்கவே மாட்டார். வலப்பக்கம் மேட்டுக்கு ஒரு தோள்பட்டை இருக்கிறது. அங்கே பந்தை இறக்குவார். பந்து விழுந்து, ஒரு கணம் தயங்கி, இடப்பக்கம் திரும்பி, சரிவு இழுக்கிற வழியில் மெல்ல மெல்ல உருண்டு கொடியை நோக்கிப் போகும். துணிச்சல் இல்லாதவருக்கும் வழி உண்டு: முன்னால் வலப்பக்கம் போட்டுவிட்டு, அடுத்த அடியில் தட்டி ஏற்றலாம். ஓர் அடி கூடும், மானம் போகாது.

'ஸ்ட்ராட்டஜிக்' வடிவமைப்பு என்று இதைத்தான் சொல்கிறார்கள். அந்தச் சொல்லும் படைவீட்டுப் பிள்ளைதான். கிரேக்கத்தில் படைத்தலைவனைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. 'தப்பாக அடித்தாயா, அனுபவி' என்று வழியெங்கும் பள்ளம் வெட்டி வைப்பது தண்டனை வடிவமைப்பு. 'எந்த வழியில் வருகிறாய், நீயே முடிவு செய்; விலையையும் நீயே கொடு' என்பது உத்தி வடிவமைப்பு. எனக்கு முதலாவது கண்டிப்பான பள்ளிக்கூடம் மாதிரி, இரண்டாவது சதுரங்கம் மாதிரி. ஆனால் ரெடானுக்குத் தரை இறுக்கமாக இருந்தாக வேண்டும். தண்ணீர் ஊற்றி மெத்தையாக்கினால் பந்து விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும், உத்தி செத்துப்போகும். அளவுக்கு மீறிக் காய்ந்தாலும் ஆபத்து. பக்கத்து மைதானமான ஷின்னகாக் ஹில்ஸின் ஏழாவது குழியும் ரெடான்தான். 2004 அமெரிக்க ஓப்பனின் கடைசி நாளில் அந்தப் பச்சையில் பந்து நிற்கவே இல்லை. முதலில் ஆடியவர்கள் பட்ட பாட்டைப் பார்த்து, நடுவில் தண்ணீர் தெளித்து ஆட்டத்தைத் தொடர வேண்டியதாயிற்று.

இனி, ரெடானைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்வி. கோட்டைச் சொற்களுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. 'அலங்கம்' மதிலைக் குறிக்கும். தஞ்சாவூரில் கீழ அலங்கம், மேல அலங்கம் என்று தெருப்பெயராக இன்றும் இருக்கிறது. 'ஞாயில்' இன்னும் பழையது. புறநானூற்றின் 21ஆம் பாட்டில் வானத்து மீன் பூத்ததுபோல் ஒளிர்கிறது. ஆனால் அது மதில் உச்சியில் இருப்பது. ரெடானோ தரையிலிருந்தே முனை நீட்டுவது. சொல்லுக்குச் சொல் பெயர்க்கலாம் என்று 'பல்முனை' என்று எழுதிப் பார்த்தேன். மும்முனைப் போட்டி, பல்முனைப் போட்டி என்று தேர்தல் வாடை அடித்தது, விட்டுவிட்டேன்.

கோட்டையைப் பற்றிப் பேசும்போது 'கூர்ங்கொத்தளம்' என்பது பொருந்தும்; வடிவத்தைச் சொல்லிவிடுகிறது. பின்பக்கம் திறந்தது என்பதை ஒருமுறை விளக்கினால் போதும். கோல்ஃபுக்கு அது ஒட்டாது. நேஷனலின் நான்காவது குழியில் பல்லும் இல்லை, கூர்முனையும் இல்லை. மிச்சமிருப்பது ஒரு மேடு. அது தன்னைக் காத்துக்கொள்ளும் விதம். ஆகவே நான் வைத்திருப்பது 'அரண்மேடு'. பள்ளத்தையும் சாய்வையும் சேர்த்து 'அரண்' என்ற ஒரு சொல் தாங்கிவிடுகிறது. முதல்முறை எழுதும்போது 'ரெடான் என்னும் அரண்மேடு' என்று எழுதிவிட்டால் யாருக்கும் குழப்பம் வராது. நார்த் பெரிக் குழியின் பெயராக வருமிடத்தில் மட்டும் ரெடான் ரெடானாகவே இருக்கட்டும். ஊர்ப்பெயரை யாரும் பெயர்ப்பதில்லையே. இடமிருந்து வலமாகச் சாய்கிற, கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பிய வடிவத்தை ஆங்கிலத்தில் 'ரிவர்ஸ் ரெடான்' என்பார்கள். அதற்கு 'எதிர் அரண்மேடு' என்று எழுதியிருக்கிறேன். 'வலச்சாய் அரண்மேடு' என்றும் யோசித்தேன். துல்லியம்தான், ஆனால் வாயில் நுழையவில்லை.