ஃபிளிப்பிங்: வாங்கிய கையோடு விற்கும் வீடு

கனடாவில் ஒரு வீட்டை வாங்கி, சில மாதங்களிலேயே லாபம் பார்த்து விற்றுவிடுவதை ‘ஃபிளிப் பண்ணுவது’ என்கிறோம். ஃபிளிப் என்றால் சட்டென்று மறுபக்கம் திருப்புவது. நாணயம் சுண்டுவதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். விரலால் சுண்டுவதைக் குறிக்கும் ‘ஃபிலிப்’ என்ற பழைய சொல் சுருங்கி இப்படி ஆகியிருக்கலாம் என்கின்றன அகராதிகள்.

சந்தைப் பேச்சில் இருந்த இந்தச் சொல், 2023 ஜனவரி 1 முதல் கனடா வருமான வரிச் சட்டத்துக்குள்ளும் வந்துவிட்டது. குடியிருப்பு வீடொன்றை 365 நாட்களுக்குக் குறைவாக வைத்திருந்து விற்றால் அது ஃபிளிப். கிடைத்த லாபம் வியாபார வருமானம். எட்டு இலட்சம் டொலருக்கு வாங்கிய வீட்டைப் பத்தாம் மாதம் விற்று, செலவு போக 80,000 டொலர் மிஞ்சியது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண மூலதன ஆதாயம், அதாவது சொத்தை விற்றுக் கிடைத்த லாபம், என்றால் அதில் பாதிதான் வருமானத்தில் சேரும். சொந்தக் குடியிருப்பு என்றால் வரியே இல்லாமல் போகலாம். ஃபிளிப் என்று ஆகிவிட்டால் 80,000 முழுவதும் சேரும், குடியிருப்பு விலக்கும் கிடையாது. சரி, நட்டத்துக்கு விற்றால்? அந்த நட்டத்தைக் கழிக்க விடமாட்டார்கள்!

மரணம், மணமுறிவு, கடும் நோய், குடும்பத்தில் புதிதாக ஒருவர் சேர்வது, வேலை மாற்றம், கடனில் நொடித்துப்போவது போன்ற காரணங்களால் விற்றால் இந்த விதி பாயாது. வேலைக்காக இடம் மாறுபவரின் புது வீடு, பழைய வீட்டைவிடக் குறைந்தது 40 கிலோமீற்றராவது வேலையிடத்துக்குக் கிட்டவாக இருக்க வேண்டும்.

தமிழில் எப்படிச் சொல்வது? நேர்ச்சொல் ‘புரட்டுதல்’. தோசையைப் புரட்டலாம், அவசரத்துக்குப் பணமும் புரட்டலாம். ஆனால் ‘வீட்டுப் புரட்டு’ என்றால் ஏதோ பித்தலாட்டம் என்றாகிவிடும். ஃபிளிப் செய்வது குற்றமில்லை, வரி அதிகம், அவ்வளவுதான். ‘கைமாற்று’ ஏற்கெனவே சில்லறைக் கடனுக்குப் போய்விட்டது. வெறும் ‘மறுவிற்பனை’ போதாது, இருபது வருடம் குடியிருந்து விற்றாலும் அது மறுவிற்பனைதானே. சிலர் ‘விரைவு மறுவிற்பனை’ என்கிறார்கள். சட்டம் பார்ப்பது விற்ற வேகத்தை அல்ல, வைத்திருந்த காலத்தை. அதனால் என் தேர்வு ‘குறுங்கால மறுவிற்பனை’.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். 366ஆம் நாள் விற்றால் தப்பிவிட்டோம் என்று அர்த்தமில்லை. லாபத்துக்கு விற்கும் நோக்கத்தோடுதான் வாங்கினீர்கள் என்று வரித்துறை கருதினால், அப்போதும் அதை வியாபார வருமானமாகவே எடுத்துக்கொள்ளலாம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் குறுங்காலம் இன்னும் நீளம்: 2025 ஜனவரி 1 முதல் அங்கே தனியாக ஒரு மாகாண வரியும் இருக்கிறது. 365 நாட்களுக்குள் விற்றால் லாபத்தில் 20 வீதம். அப்புறம் மெல்லமெல்லக் குறைந்து 730ஆம் நாளில்தான் இல்லாமல் போகும்.