ட்ரெபிசாய்டு என்று எழுதினால் தப்பா?

பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் இந்தப் பக்கம் நிறைய. அந்தப் பிள்ளைகளின் விடைத்தாளில் அடிக்கடி சிவப்பு மைக்கு இரையாகும் சொல் ட்ரெபிசாய்டு.

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி தாளைக் காட்டினாள். கணக்கில் இருந்தது சரிவகம், அதாவது ஒரு ஜோடிப் பக்கம் இணையாக உள்ள நாற்கரம்; நம் புத்தகங்களில் ட்ரெபீசியம். இணைப்பக்கங்கள் 6, 10 செ.மீ., உயரம் 4 செ.மீ. பக்கங்களைக் கூட்டி, பாதியாக்கி, உயரத்தால் பெருக்கி 32 சதுர செ.மீ. என்று சரியாகவே போட்டிருந்தாள். மேலே "ட்ரெபிசாய்டின் பரப்பு" என்று எழுதியதற்கு அரை மார்க் போயிற்று. "ட்ரெபீசியம்னு ஒழுங்கா எழுத வரலை சார் இவளுக்கு" என்று அப்பா வேறு. அவள் படித்துவிட்டு வந்த ஊரில் சரிவகத்துக்குப் பெயரே அதுதான்!

கிரேக்கத்தில் 'ட்ரபெசா' என்றால் மேசை. நாலு கால் என்ற பொருளில் பிறந்த சொல். காசு மாற்றுகிறவர்கள் மேசை போட்டு உட்கார்ந்ததால் இன்றைக்கும் அங்கே வங்கிக்கு அதே பெயர். பழங்காலக் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட், சதுரம், செவ்வகம், சாய்சதுரம், இணைகரம் போக மிச்ச நாற்கரங்கள் அத்தனைக்கும் ட்ரெபீசியம் என்றே பெயர் வைத்துவிட்டார். கி.பி. 5ஆம் நூற்றாண்டில் யூக்ளிடுக்கு உரை எழுதிய புரோக்ளஸ்தான் பிரித்தார்: ஒரு ஜோடிப் பக்கம் இணையாக இருந்தால் ட்ரெபீசியம், எதுவுமே இணையாக இல்லையென்றால் ட்ரெபிசாய்டு, அதாவது 'மேசை மாதிரி'. நல்ல பிரிவினை. 1795இல் வந்த ஆங்கிலேயர் சார்லஸ் ஹட்டனின் கணித அகராதி இரண்டையும் இடம் மாற்றிப் போட்டது. பிரிட்டன் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பழையபடிக்குத் திரும்பியது. நம் பாடப்புத்தகங்கள் அந்த வழி. அமெரிக்கா ஹட்டன் சொன்னதையே பிடித்துக்கொண்டது.

ஆகவே ஆசிரியர்களே, அந்தச் சொல்லை அடிப்பதற்கு முன் படத்தைப் பாருங்கள். இங்கிருந்து அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வு எழுதப் போகும் பிள்ளைகளும் கவனிக்க வேண்டும்: அதில் ட்ரெபிசாய்டு என்று வந்தால் நம் சரிவகம்தான். அப்புறம், இணைகரமும் சரிவகத்தில் சேருமா என்பதில் அமெரிக்கப் புத்தகங்களுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. சிலவற்றில் 'ஒரே ஒரு ஜோடி', சிலவற்றில் 'குறைந்தது ஒரு ஜோடி'. கையில் இருக்கும் புத்தகத்தின் வரையறையை ஒருமுறை படித்துவிட்டுக் கணக்கில் இறங்கச் சொல்லுங்கள்.