காந்தம் விழுங்கிய பிள்ளை ஏன் சொல்வதில்லை?

மறுபடியும் ஒரு குடல் அறுவை சிகிச்சை, மறுபடியும் அதே ரீல்ஸ் விளையாட்டு. நாக்கின் மேலே ஒரு காந்த மணி, கீழே ஒன்று. நாக்கில் தோடு குத்தியது போலத் தெரியும். சிரித்தால் தொண்டைக்குள் போய்விடும். இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை 2021 மே மாதமே இதைப் பற்றி எச்சரித்தது. அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் காந்தம் விழுங்கி அவசர அறுவை சிகிச்சைக்கு வந்த குழந்தைகள் அங்கே குறைந்தது 65 பேர்.

இந்தப் பெண் ஏழாம் வகுப்பு. விழுங்கியது தெரிந்தும் வீட்டில் மூச்சு விடவில்லை. வயிற்று வலிக்கு ஓமத் தண்ணீர், அப்புறம் கேஸ் மாத்திரை. பச்சையாக வாந்தி எடுத்த பிறகுதான் எங்களிடம் வந்தார்கள். குடலின் இரண்டு மடிப்புகளில் இருந்த காந்தங்கள் ஒட்டிக்கொண்டு, நடுவில் சிக்கிய சுவர் ஓட்டையாகியிருந்தது.

"ஏம்மா சொல்லலை?"

"சொன்னா அப்பா போனை உடைச்சிடுவாரு."

அப்பாவோ, "எவ்வளவோ பயமுறுத்தி வச்சிருந்தோம் டாக்டர்" என்கிறார். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். பயமுறுத்தினால் பிள்ளை செய்யாது என்று யார் சொன்னது? செய்துவிட்டு மறைக்கும், அவ்வளவுதான். 2017-இல், பிள்ளைகளைத் தற்கொலைக்குத் தூண்டுவதாகச் சொல்லப்பட்ட ப்ளூவேல் என்ற ஆன்லைன் விளையாட்டின் பீதியில் நம் வாட்ஸ்அப் குழுக்கள் எப்படிப் பதறின என்று நினைத்துப் பாருங்கள். விசாரித்த மரணங்கள் எதிலும் அந்த விளையாட்டின் பங்கு உறுதியாகவில்லை என்று மத்திய அரசு 2018 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் சொன்னது. ஆனால் அதற்குள் அந்த விளையாட்டின் பெயரை அறியாத பிள்ளையே இல்லை. தெரிய வைத்தது நாம் அனுப்பிய எச்சரிக்கைகள். சேலஞ்சின் பெயரைச் சொல்லி மிரட்டினால் பிள்ளை முதலில் செய்வது அதைத் தேடிப் பார்ப்பதுதான். டிக்டாக்கை 2020-லேயே தடை செய்தாயிற்றே என்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன்: அதே வீடியோ வேறு செயலியில் ஓடுகிறது. உங்கள் பிள்ளையிடம் போன் இல்லாவிட்டாலும் பக்கத்து பெஞ்சில் இருப்பவனிடம் இருக்கிறது.

என்ன செய்யலாம்? ரீல்ஸைச் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். "இது தப்பாப் போனா உடம்புல எங்க அடிபடும்?" என்று கேளுங்கள். பிள்ளைகள் நன்றாகவே யோசிப்பார்கள். நண்பர்கள் கட்டாயப்படுத்தினால் நழுவ ஒரு சாக்கும் கொடுத்து வையுங்கள்: "எங்க வீட்ல தெரிஞ்சா அவ்ளோதான்" என்று உங்கள் மேல் பழி போடட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வாக்கு கொடுங்கள்: "என்ன செஞ்சிருந்தாலும் முதல்ல ஆஸ்பத்திரி, அப்புறம்தான் பேச்சு." தயவுசெய்து அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். ஒருமுறை மீறினால் அடுத்த முறை சொல்ல மாட்டார்கள்.

மூச்சை அடக்கி மயங்கும் விளையாட்டும் சுற்றுகிறது. அதன் செய்முறையை இங்கே எழுத மாட்டேன். கழுத்தில் தடம், கண்ணில் ரத்தப் புள்ளிகள், அடிக்கடி தலைவலி, எந்நேரமும் தாழ்ப்பாள் போட்ட அறை. இவற்றைப் பார்த்தால் கத்தாமல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள்.

காந்தம் விழுங்கியதாகச் சந்தேகம் இருந்தாலே கிளம்புங்கள். வாழைப்பழம் கொடுத்து மலத்தில் வருமா என்று காத்திருக்க வேண்டாம். வயிற்றுக்குள் போன ஒற்றைக் காசு பெரும்பாலும் தானாக வந்துவிடும். ஒன்றுக்கு மேற்பட்ட காந்தங்களுக்கு அந்தக் கணக்கு செல்லாது. வாந்தி எடுக்க வைக்காதீர்கள், சாப்பிடவும் எதுவும் கொடுக்காதீர்கள். மயக்க மருந்து தேவைப்படலாம், அதற்கு வயிறு காலியாக இருக்க வேண்டும். எண்டோஸ்கோப்பியும் (கேமரா குழாயை உள்ளே விட்டுப் பார்ப்பது) அறுவை சிகிச்சை வசதியும் உள்ள மருத்துவமனைக்குப் போங்கள், வண்டி இல்லையென்றால் 108. மருத்துவரிடம் "காந்தம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒட்டிய இரண்டு மணிகள் எக்ஸ்ரேயில் சாதாரண மணி போலவே தெரியலாம். மிச்சமிருக்கும் மணிகளில் ஒன்றையும் எடுத்து வாருங்கள்.