நூற்றில் ஒன்று குறைந்தால் போதும்

எலி சினையானால் மூன்று வாரத்தில் ஏழெட்டுக் குட்டி போட்டுவிடும். அந்தக் குட்டிகளும் இரண்டு மூன்று மாதத்தில் இனப்பெருக்கத்துக்குத் தயார். யானையோ 22 மாதம் சுமந்து ஒரே ஒரு குட்டி ஈனும். அடுத்த குட்டிக்கு நான்கைந்து ஆண்டு காத்திருக்க வேண்டும். முதல் குட்டியை ஈனவே பத்துப் பன்னிரண்டு வயதாகிவிடும். காண்டாமிருகம், நீலத் திமிங்கிலம் எல்லாம் ஏறக்குறைய இதே ரகம்தான்.

இது குறைபாடு இல்லை. பெரிய உடம்பை வளர்த்துக்கொண்டால் சிங்கம், புலிகூட நெருங்க யோசிக்கும். வளர்ந்த விலங்கு எளிதில் சாகாது, நெடுநாள் வாழும். அப்படியிருக்க நிறையக் குட்டி எதற்கு? ஒன்றைப் பெற்று, அதைப் பத்திரமாக வளர்த்தால் போதும். பல லட்சம் ஆண்டுகள் இந்த ஏற்பாடு பிசகாமல் நடந்தது. அதற்கு ஒரே ஒரு நிபந்தனைதான்: வளர்ந்தவை சாகக் கூடாது. கல்முனை ஈட்டியோடு வந்த மனிதன் கைவைத்தது சரியாக அந்த இடத்தில். ஒரே வேட்டையில் மலையளவு இறைச்சி கிடைக்கும்போது அவன் ஏன் எலியைத் துரத்தப் போகிறான்?

சரி, கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மழையும் மேய்ச்சலும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் யானைகளின் எண்ணிக்கை ஆண்டுக்குச் சுமார் 7 சதவீதத்துக்கு மேல் பெருகாது. சாதாரணக் காலத்தில் பிறப்பும் இறப்பும் சரிக்குச் சரி. இதில் வேட்டையும் சேர்ந்து, பிறப்பைவிட இறப்பு நூற்றுக்கு ஒன்று கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,000 யானைகள் அடுத்த ஆண்டு 990 ஆகும். யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது? 70 ஆண்டில் பாதி போய்விடும். 700 ஆண்டில் ஒன்று மிஞ்சினாலே அதிகம்.

இதற்கு யாரும் பெரும் படுகொலை செய்ய வேண்டியதில்லை. பாட்டன் பார்த்த கூட்டத்தைவிடப் பேரன் பார்க்கும் கூட்டம் சிறியது. ஆனால் பேரனுக்கு அதுதான் இயல்பு. பத்தாயிரம் ஆண்டு கழித்து எலும்பைத் தோண்டி எடுப்பவருக்கோ அந்த 700 ஆண்டும் மண்ணில் ஒரு மெல்லிய கோடு. நேற்று இருந்தது, இன்று இல்லை என்பதுபோலத் தோன்றும்.

பனியுகத்தின் கடைசியில் வட அமெரிக்காவில் மாமூத்துகள் என்ற மயிரடர்ந்த யானைகளும், ஸ்லாத்து என்ற மந்தமான தாவர உண்ணியில் யானையளவு பெரிய இனங்களும் மறைந்ததற்கு மனித வேட்டையே காரணம் என்று அமெரிக்க ஆய்வாளர் பால் மார்ட்டின் 1960களில் வாதிட்டபோது, கிளம்பிய முதல் ஆட்சேபம் இதுதான்: கைப்பிடி மக்கள் ஒரு கண்டத்தையே காலிசெய்ய முடியுமா? முடியும் என்கிறது மேலே போட்ட கணக்கு. இரண்டாவது ஆட்சேபம் கனமானது. அதே காலத்தில் பூமி சூடாகி, புல்வெளிகள் மாறிக்கொண்டிருந்தன. அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் இதற்கு முன்பும் பனி பலமுறை உருகியிருக்கிறது, அப்போதெல்லாம் இவை தப்பியிருக்கின்றன. என்னைக் கேட்டால், இந்த வழக்கில் நல்ல சாட்சி தீவுகள்தான். பெருநிலத்தில் ஸ்லாத்துகள் சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன் அழிந்தன. கியூபாவிலோ மனிதர்கள் போய்ச் சேரும்வரை, அதாவது அதற்குப் பிறகும் ஆறாயிரம் ஆண்டுபோல, உலாவிக்கொண்டிருந்தன. வானிலை மாற்றம் இரண்டு இடத்திலும்தானே நடந்தது? ஆர்க்டிக்கின் விராங்கல் தீவில் மாமூத்துகள் 4,000 ஆண்டுகளுக்கு முன்புவரை இருந்தன. எகிப்தில் பெரிய பிரமிடுகள் எழுந்து முடிந்த காலம் அது!

கணக்கு இவ்வளவு பொறுமையாகத்தான் நடக்கும் என்றும் இல்லை. நியூசிலாந்தில் மோவா என்ற பறக்காத பறவைகள் ஒன்பது இனம் இருந்தன. மிகப் பெரியவை 200 கிலோவைத் தாண்டும். இன்றைய பறவைகள் பெரும்பாலும் ஓராண்டுக்குள் முழு அளவை எட்டிவிடும். மோவாவுக்குப் பல ஆண்டுகள் பிடித்தன என்பதை அவற்றின் எலும்பிலுள்ள வளர்ச்சி வளையங்கள் காட்டுகின்றன. பசிபிக் தீவுகளிலிருந்து பாலினேசியர்கள் 1300 வாக்கில் வந்து குடியேறினார்கள். ஒன்றரை, இரண்டு நூற்றாண்டுக்குள் ஒன்பது இனமும் போயின. மோவாவைத் தின்றே வாழ்ந்த ராட்சதக் கழுகும் கூடவே போயிற்று.

அதைவிட வேகம் ஸ்டெல்லர் கடற்பசு. ஆவுளியாவின் சொந்தக்காரன், எட்டு மீட்டர் நீளம், கடற்பாசி மேய்கிற சாது. 1741இல் பெரிங் கடலில் கப்பல் உடைந்து கரையேறிய இயற்கை ஆய்வாளர் கியோர்க் ஸ்டெல்லர் அதைப் பார்த்து விவரமாக எழுதிவைத்தார். அப்போதே இரண்டு தீவுகளைச் சுற்றித்தான் மிஞ்சியிருந்தது. ரோமத்துக்காக அந்தப் பக்கம் போன வேட்டைக் கப்பல்கள் வழியில் அதைத் தின்றே பசியாறின. 1768இல் கடைசிக் கடற்பசுவும் முடிந்தது. அறிவியலுக்கு அறிமுகமாகி 27 ஆண்டு.

அப்படியானால் ஆப்பிரிக்காவில் மட்டும் யானையும் நீர்யானையும் எப்படி மிஞ்சின? மனிதன் அங்கேயேதான் உருவானான். அவன் ஈட்டி எறியக் கற்றுக்கொள்ளக் கற்றுக்கொள்ள, அவையும் அவனுக்குப் பயப்படக் கற்றுக்கொண்டன என்பது பலர் ஏற்கும் விளக்கம். மோவாவுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை.

துப்பாக்கி வந்த பிறகு அந்தப் பயமும் போதவில்லை. 'யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்' என்பார்கள். அந்த இரண்டாவது ஆயிரம்தான் வினையானது. மொசாம்பிக்கில் 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில், தந்தத்தை விற்று ஆயுதம் வாங்கினார்கள். அங்குள்ள கொரொங்கோசா தேசியப் பூங்காவில் சுமார் 2,500 யானைகள் இருந்த இடத்தில் 200 போலத்தான் மிஞ்சின. ஆப்பிரிக்க யானைகளில் பெண்ணுக்கும் தந்தம் உண்டு. போருக்கு முன் பெண் யானைகளில் ஐந்தில் ஒன்றுக்கே தந்தமில்லை. போருக்குப் பின் பாதிக்கு இல்லை. தந்தமில்லாதவை குண்டுக்குத் தப்பி, அந்தக் குணத்தை மகள்களுக்குக் கொடுத்தன. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த மரபணு மாற்றம் பெண்ணுக்கு இரண்டும் ஆணுக்கு ஒன்றுமாக இருக்கும் எக்ஸ் குரோமோசோமில் உட்கார்ந்திருப்பதாக 2021இல் வந்த ஆய்வு காட்டுகிறது. ஆண் கருவுக்கு அது போனால் கரு பிழைப்பதில்லை. ஏற்கெனவே மந்தமான பிறப்பு இன்னும் மந்தமாகிறது.

எண்ணிக்கையில் சிக்காத இழப்பும் உண்டு. தான்சானியாவின் தராங்கிரே தேசியப் பூங்காவில் 1993இல் கடும் வறட்சி. சில யானைக் கூட்டங்கள் பூங்காவை விட்டு வெளியேறித் தண்ணீர் தேடிப் போயின. அவற்றில் வயதான பெண் யானைகள் இருந்தன. 1960ஐ ஒட்டி வந்த பழைய வறட்சியைக் குட்டிகளாகப் பார்த்தவை. இன்னொரு கூட்டம் நகராமல் அங்கேயே தங்கிவிட்டது. அதன் கிழவிகளைத் தந்த வேட்டைக்காரர்கள் முந்தைய ஆண்டுகளிலேயே சுட்டுத் தீர்த்திருந்தார்கள். குட்டிகள் அதிகம் செத்தது அந்தக் கூட்டத்தில்தான்.